நீலச் சிறகுக்கு ஒரு வரிசை

இரண்டு கிழமையாக எங்கள் வீட்டில் ஒரு புழுவுக்கு வழக்கு. போன ஞாயிறுதான் தீர்ப்பு வந்தது.

பல வருடம் கழித்து எங்கள் ஊரான சரவணைக்குத் திரும்பி வந்து, பற்றைக்காடு வெட்டி, அக்கா வைத்த முதல் பயிற்றங்காய்த் தோட்டம். பூவிலும் பிஞ்சிலும் பச்சைப் புழு! மருந்துத் தாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு அவள் இறங்க, நான் குறுக்கே போய் நின்றேன்.

“அக்கா, இது சின்ன நீல வண்ணத்துப்பூச்சியின்ரை புழு. ஒரு வரிசையை மட்டும் விடுங்கோவன்.”

“உந்தப் புழுவுக்கோ நான் தண்ணி இறைச்சனான்?”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகக் கண்ட முதல் ஆள் நான். விடுவேனா? கடைசியில் ஓர் ஒப்பந்தம் – நான் போத்தலில் வளர்த்துப் பூச்சி வந்தால் கடைசி வரிசை தப்பும். வராவிட்டால் அதற்கும் மருந்து.

மூன்று புழுக்களைப் பிஞ்சோடு எடுத்தேன். மேலெல்லாம் எறும்புகள்... பாவம், கடிக்கின்றனவே என்று ஊதிக் கலைத்தேன். போதாததற்கு, குசினியில் சாப்பாட்டு அலுமாரிக்குச் செய்வதுபோல, போத்தல் வைத்த மேசையின் நாலு காலையும் தண்ணீர்ச் சிரட்டைக்குள் வைத்தேன். இனி எப்படி ஏறும்?

மூன்றாம் நாள் இரண்டு புழுக்கள் பூஞ்சணம் பிடித்துச் செத்துக் கிடந்தன.

பதறிப்போய் என் பூச்சிப் புத்தகத்தைப் புரட்டினேன். அந்தப் புழு முதுகில் இனிப்பு நீர் சுரக்குமாம். எறும்பு அதைக் குடித்துத் துப்புரவாக்கும். பதிலுக்குக் குளவியை அண்டவிடாது.

“காவல்காரரைக் கலைச்சுப்போட்டோ நீ காவலிருந்தனீ?” அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

பாசத்தில் நாம் கொடுக்கிற பாதுகாப்பு இருக்கிறதே... சில நேரம் குளவியைவிட மோசம்!

சிரட்டைகளை எடுத்தேன். கொடியிலிருந்து எறும்புகளை ஈர்க்கில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டேன். மிஞ்சிய ஒரு புழு கூடாகியது. பயிற்றங்கொட்டை அளவு, மண்ணிறம். எட்டு நாள் அசைவே இல்லை. கடைசி வரிசைக்கும் மருந்தடிக்க அக்கா தாங்கியைக் கழுவி வெயிலில் வைத்தாள்.

ஞாயிறு காலை, கசக்கிய ஈரத்தாள் போல ஒன்று வெளியே வந்தது. மெல்ல விரிந்தது. நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது – அவ்வளவுதான். வேட்டிக்குப் போடும் நீலத்தைத் தண்ணீரில் கரைத்த முதல் கணம் பார்த்திருக்கிறீர்களா? அந்த நிறம்! சிறகை மூடினால் சாம்பல், அதில் வெள்ளை நெளிகோடுகள். பின்னால் இரண்டு கறுப்புப் பொட்டு, நூல்போல ஒரு வால். சிறகை உரசி உரசி அந்த வாலை ஆட்டும். அதுதான் தலையென்று பல்லி கவ்வினால், ஒரு துண்டுச் சிறகோடு ஏமாந்துபோகும்.

“உந்தப் புழுவோ இது?” அக்கா குனிந்தவள் நிமிரவில்லை. “சீலையிலகூட நான் இப்பிடி நீலம் காணேல்லை.” பிறகு பெருமூச்சு விட்டாள். “சரி, கடைசி வரிசை உனக்கு.”

வண்ணத்துப்பூச்சி எழும்பிப் பறந்தது. நேரே அக்காவின் முதலாம் வரிசையில் போய் இருந்தது.

ஒப்பந்தம் பேசியபோது, அதனிடம் ஒருவரும் கேட்கவில்லையே!