தெலேசியாவின் ஐந்து மணி

2018 நவம்பர் 22, வியாழக்கிழமை. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம். பயணிகள் மூவர்: தெலேசியா, வயது 66, லூபே, 68, சினிவா, 64. மூவரும் சமோவாவிலிருந்து வந்தவர்கள். புறநகரான மாங்கரேயில் ஒரே தேவாலயத்தின் மாதர் குழுவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருப்பவர்கள். நகரைச் சுற்றிக்காட்டும் மாடிப் பேருந்துக்கான சீட்டு, தெலேசியாவின் பணி ஓய்வுக்காக மற்ற இருவரும் தந்த பரிசு. எந்த நிறுத்தத்திலும் இறங்கலாம். அரை மணிக்கு ஒருமுறை வரும் அடுத்த பேருந்தில் ஏறிக்கொள்ளலாம்.

பரிசில் ஒரே ஒரு பிழை இருந்தது. தெலேசியா இப்போது ஓய்வில் இல்லை.

நகர மையத்து அலுவலகக் கட்டடங்களை இருபத்தொன்பது ஆண்டுகள் துப்புரவு செய்தவர் அவர். ஜூன் மாதம் விடைபெற்றார். தேவாலயத்தில் பன்றி சுட்டு விருந்து வைத்தார்கள். போதகர் வாழ்த்திப் பேசினார். மறு வாரமே குழுத் தலைவி லூபே, "உனக்குத்தான் இப்ப வேலவெட்டி இல்லையே" என்று மண்டபம் கூட்டும் பொறுப்பை அவர் தலையில் கட்டினார். பின்னாலேயே சாவுச் சமையல், ஞாயிறு விருந்தின் பாத்திரங்கள், பாடகர் குழுவின் வெள்ளை உடைகள். தெலேசியா பத்து வாரம் பொறுத்தார். செப்டம்பரில் பழைய மேற்பார்வையாளரைத் தேடிப் போய், மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை ஒரே ஒரு மாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த நான்கு மணி நேரம் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தோழிகளிடம், முழங்காலுக்காக நீச்சல் குளத்தில் பயிற்சி என்று சொல்லியிருந்தார்.

மண்டப வேலையால் ஏற்கெனவே இரண்டு முறை தாமதமாகிவிட்டது. மூன்றாவது முறையும் தாமதமானால் அந்த மாடி வேறொருவருக்குப் போய்விடும்.

அன்றும் விடியற்காலையிலேயே எழுந்து, முந்தைய நாள் இறப்பு விருந்து நடந்த மண்டபத்தைத் துடைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். மேல்தளத்து இருக்கையில் சாய்ந்ததும் இமைகள் ஒட்டிக்கொண்டன.

"ஏய், கண்ணத் தொறடி! பாலம் போகுது, பாலம்!" லூபே விலாவில் இடித்தார்.

"பாலம் எங்க போகப்போகுது? அங்கதான் நிக்கும்."

"கொறட்ட விடறதுக்கா சீட்டு வாங்கிக் குடுத்தோம்?"

"விடுக்கா, குளத்துல நீந்தி நீந்திக் களைச்சிருப்பா" என்றார் சினிவா.

கடற்கரையில் இறங்கிச் சேப்பங்கிழங்கையும் தகர டப்பா மாட்டிறைச்சியையும் பிரித்தார்கள். லூபே ஜெபம் சொன்னார். ஓட்டுநருக்காகவும், வண்டிச் சக்கரங்களுக்காகவும் கூட நன்றி சொல்லி அவர் முடிப்பதற்குள் கடற்புறாக்கள் இறைச்சியில் இரண்டு துண்டைத் தூக்கிச் சென்றன. அதற்குள் இரண்டு பேருந்துகள் வந்து போய்விட்டன. அருங்காட்சியகத்தில் சினிவா விற்பனைக் கூடத்துக்குள் போனவர் வெளியே வர மனமில்லாமல் நின்றார். கால் மாற்றிக் கால் மாற்றிக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த தெலேசியாவின் கண் முன்னே 3.50 வண்டியும் கிளம்பியது. அடுத்ததில் ஏறும்போது மணி 4.20.

"இதுலயே இன்னொரு சுத்துப் போவோம்" என்றார் லூபே. "கடலோரம் ஐஸ்கிரீம் தின்னுட்டு ஒண்ணா வீட்டுக்குப் போலாம்."

"நான் டவுன்ல எறங்கிக்கறேன்."

"எதுக்கு?"

"குளத்துக்கு."

"குளம் மாங்கரேல இருக்கு. டவுன்ல என்னடி குளம்?"

தெலேசியாவுக்கு இன்னொரு பொய்யைத் தேட உடம்பில் தெம்பில்லை.

"குளமும் இல்ல, முழங்காலும் இல்ல. வேலைக்குப் போறேன். ரெண்டு மாசமாச்சு. அஞ்சு மணிக்கு அங்க நிக்கணும்."

சினிவா மென்றுகொண்டிருந்த தேங்காய்ப்பால் பன் வாயிலேயே நின்றது.

"பன்னி சுட்டோம்டி உனக்கு!" லூபேயின் குரல் கீழ்த்தளம் வரை கேட்டது. "ரெண்டு பன்னி!"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"காசு பத்தலயா?"

"அதெல்லாம் போதும்."

"அப்பறம் என்ன கேடு உனக்கு?"

"வேல இல்லாதவன்னு சொல்லிச் சொல்லி நீ குடுத்த வேலய என்னால பாக்க முடியல லூபே. அங்க ஒரு மாடிதான். முடிச்சா முடிஞ்சுது."

பேருந்து சிக்னலில் நின்றது. லூபே வெளியே பார்த்தபடியே கேட்டார்.

"அப்ப சனிக்கிழம மண்டபத்த யாரு கூட்டறது?"

"என்னப் பாக்காதக்கா, எனக்கு இடுப்பு சரியில்ல" என்றார் சினிவா அவசரமாக.

தெலேசியா மணியை அழுத்தினார். லூபே அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் கால்களை ஒதுக்கி வழி விட்டார். நடைபாதையில் இறங்கி மேட்டுத் தெருவில் விரைந்தவரின் முதுகுக்குப் பின்னால், மேல்தளத்திலிருந்து சத்தம் வந்தது:

"ஓடாதடி! விழுந்து தொலைக்காத!"

கட்டடத்தின் வருகைப் பதிவேட்டில் அன்று தெலேசியாவின் பெயருக்கு நேரே உள்ள நேரம்: மாலை 4.58.