புதுச்சட்டியில் வைத்த விளமீன்

கல்யாணத்துக்குப் பிறகும் நான் ஓரிடத்தில் நிற்கவில்லை. கொல்லத்தில் முந்திரி ஆலை, பிறகு களியக்காவிளையில் லாரிக்குச் சுமை ஏற்றும் வேலை. ஓட்டல் சோறு, கடைவாசலில் படுக்கை. மனைவி அவள் அப்பா வீட்டில் இருந்தாள். “அடுப்பு எரியிற வீடு ஒண்ணு காட்டும், மகளை விடுகேன்” என்று மாமனார் சொல்லிவிட்டார். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

புதுக்கடையில் ஒரு கொப்பரைக் கடையில் வேலை கிடைத்ததும், கடைக்குப் பின்னால் ஓலை வேய்ந்த அறையொன்றை வாடகைக்குப் பிடித்தேன். சந்தை நாளில் மதியம் சாப்பிட வருவதாக மாமனார் ஆளிடம் சொல்லி அனுப்பினார். அன்று காலை ஒரு மண்சட்டி வாங்கி, அதை இடுக்கியபடியே மீனுக்குப் போனேன். கடியப்பட்டணத்திலிருந்து ஓலைக் கடவத்தில் மீன் சுமந்து வரும் ஓர் அம்மாளிடம் முழு விளமீன் இருந்தது. செவுளைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல சிவப்பு. அந்த அம்மாள் என் சட்டியைப் பார்த்தாள்.

“இதிலயா மக்கா மீன் வைக்கப் போற?”

“பின்ன எதில?”

“மண்ணுதான் மணக்கும். கஞ்சித்தண்ணி ஊத்திப் பழக்கண்டாமா? வீட்டில பொம்பள இல்லியா?”

“அவ வரத்தான் இந்த மீன்.”

சிரித்துக்கொண்டே மீனைத் தேக்கிலையில் சுற்றித் தந்தாள்.

சட்டியைப் பழக்க நேரமில்லை. தேங்காய்ச் சிரட்டை விளிம்பால் செதிலைச் சுரண்டி, மீனை நறுக்கினேன். தேங்காயும் மிளகாயும் அரைத்து, புளி கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டேன். கரண்டி போட்டால் மீன் உடையும் என்று என் அம்மா சட்டியைத் துணியால் பிடித்துச் சுற்றுவாள். அதை மட்டும் சரியாகச் செய்தேன்.

மதியம் வந்த மாமனாருக்கு மீன்தலையை வைத்தேன். ஒரு வாய் தின்றார். பிறகு எட்டிச் சட்டியைப் பார்த்தார்.

“மீன் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. சட்டி எப்ப வாங்கினீரு?”

“இண்ணைக்குக் காலத்த.”

“அதான் மண்ணைத் தின்னுகேன்.”

ஆனாலும் தலையை விடவில்லை. முள்ளை உறிஞ்சித் துப்பிவிட்டுத்தான் கை கழுவினார். “அடுத்த சந்தைக்கு வாறேன். அதுவரை சட்டியைப் பழக்கும். நீரு இங்க இருந்தீரா இல்லியாண்ணு அது சொல்லும்.”

தினமும் வேலை முடிந்து வந்து, கஞ்சித்தண்ணீர் ஊற்றிச் சிறுதீயில் கொதிக்கவிட்டேன். தேங்காய்த் துருவலைப் போட்டு வறுத்தேன். இடையில் ஒரு சாயங்காலம், களியக்காவிளையில் பழகிய லாரிக்காரர் ஒருவர் கடைவாசலில் வண்டியை நிறுத்தினார்.

“ஏலே, ஆலப்புழைக்குப் போறேன். வாறியா?”

முன்பென்றால் துண்டை எடுத்துத் தோளில் போட்டிருப்பேன். “சட்டி அடுப்பில கெடக்கு” என்றேன். அவர் சிரித்த சிரிப்பு லாரி கிளம்பிய பிறகும் கேட்டது.

அடுத்த சந்தை நாளில் மாமனார் வந்ததும் உட்காரவில்லை. சட்டியை எடுத்து முகர்ந்தார். உட்புறத்தை விரலால் தேய்த்தார். எண்ணெய் பூசியது போல் வழுவழுவென்றிருந்தது. அடியில் கரி ஏறியிருந்தது.

“மீன் வாங்கியாரட்டா மாமா?” என்றேன்.

“இண்ணைக்கு வேண்டாம். நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வாறேன். நீரு மீனை மட்டும் வாங்கி வையும், அவ கறி வைக்கட்டு.” படியிறங்கியவர் திரும்பினார். “தலை எனக்குத்தான்.”