சாக்கோடு புதைத்த நார்

அகெனேத்தாவின் வாய்க்குப் பயந்தே ஊரில் பாதிப் பேர் ஒழுங்காக இருந்தார்கள். சுவா நகரத்து ஓட்டல் ஒன்றில் காலமெல்லாம் படுக்கைத் துணி துவைத்து, புருஷனையும் அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, பிறந்த தீவுக்குத் திரும்பியவள். வந்ததும் வராததுமாக இரண்டு விஷயங்கள் அவள் கண்ணை உறுத்தின. ஒன்று, அலை கொண்டுவந்து ஒதுக்கிய பிளாஸ்டிக் பாட்டில்கள். மற்றது, படகுத் துறையிலிருந்து சின்ன ஆஸ்பத்திரிக்குப் போகும் சேற்றுப் பாதை. பிரசவ வலியோடு அந்தச் சேற்றில் வழுக்கி விழாத பெண் ஊரில் இல்லை.

இரண்டுக்கும் சேர்த்து வழி சொன்னவன் இசிகேலி. அவளுடைய அத்தை மகன், கொத்தனார். பாட்டிலை நாராகக் கிழித்து, நறுக்கி, கான்கிரீட்டில் கலந்தால் இந்தப் பாதைக்குக் கம்பியே வேண்டாம், உப்புக் காற்றில் துருப்பிடிக்கவும் எதுவும் இருக்காது என்றான். ஒரு பலகை வார்த்து, எல்லோர் முன்னாலும் சம்மட்டியால் அடித்தான். விரிசல் விட்டதே தவிர இரண்டாகவில்லை. உள்ளே நார்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன.

"பாத்தியா, உன்னை மாதிரியேதான். என்ன அடிச்சாலும் விடாது."

"என்னை மாதிரி இருந்தா அந்தச் சம்மட்டி திரும்பி வந்து உன் மண்டையில விழுந்திருக்கும், மச்சான்."

கூட்டம் சிரித்தது. அத்தை மகனும் மாமன் மகளும் எவ்வளவு கேலி பேசினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது முறை.

சர்ச் பெண்களை அவள்தான் திரட்டினாள். கத்தி பதித்த கட்டையில் பாட்டிலைச் சுழற்றி இழுத்தால் நாடா நாடாவாக வரும். விரல்கள் கிழிந்தன. "இந்தக் குப்பையா பாதையைத் தாங்கப் போவுது?" என்று முனகியவர்களிடம், "தாங்கலேன்னா என் மூஞ்சியில துப்புங்க" என்றாள். சாக்குச் சாக்காக நிரப்பி, ஓட்டலில் துணி மூட்டை கட்டிய அதே இரட்டை முடிச்சைப் போட்டு இசிகேலியிடம் கொடுத்தாள்.

பாதை வழவழவென்று வந்தது. திறப்பு விழாவுக்கு அதிகாரிகள் வந்தார்கள். இசிகேலிக்கு மாலை போட்டபோது அகெனேத்தாதான் பலமாகக் கை தட்டினாள். பைத்தியக்காரி.

முதல் பெருமழையில் பாதையின் நடுப்பகுதி உள்வாங்கி உடைந்தது. பெண்கள் ஓடி வந்து பார்த்தார்கள். உடைந்த வாயில் ஒரு நார் கூட இல்லை. குழிக்குள் எட்டிப் பார்த்தால், முடிச்சுக்கூட அவிழாத சாக்குகள்.

"அக்கா, இது நாம வெட்டினதுதானே?" என்றாள் பக்கத்து வீட்டு விலிசி. யாரும் துப்பவில்லை. துப்பியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அகெனேத்தாவுக்கு.

இசிகேலி மழுப்பினான். "நாரு கலந்தா மேல தாடி மாதிரி துருத்திக்கிட்டு நிக்கும். பெரிய மனுசங்க வர்ற நாள்ல பாக்க நல்லாவா இருக்கும்? பள்ளத்தை ரொப்பவும் ஏதாவது வேணுமில்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

அன்று சாயங்காலம் அவன், மன்னிப்புக் கேட்க வருபவர்கள் கொண்டுவரும் யங்கோனா வேர்க்கட்டோடு அவள் அண்ணன் செமிசியின் வீட்டுக்கு வந்து, பாயில் தலை குனிந்து உட்கார்ந்தான். குடும்பத்துக்குத் தலைவன் செமிசி. வேரைத் தொட்டு ஏற்றுக்கொண்டான்.

"தப்பு மன்னிக்கப்பட்டது. இனி இதைப் பத்தி யாரும் பேசக் கூடாது."

வாசலோரம் உட்கார்ந்திருந்த அகெனேத்தாவின் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. இசிகேலி செய்ததைவிடக் கூடப் பிறந்தவன் செய்ததுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. வேரை இடித்துக் கரைத்த பானம் சிரட்டையில் அவளிடமும் வந்தது. மறுத்தால் சபைக்கே அவமானம். குடித்தாள்.

இசிகேலிக்கு உயிர் வந்துவிட்டது. "அப்பாடா! இனிமே அந்தப் பாட்டில் கத்தியால என் கழுத்தை அறுக்க மாட்டியே?"

எல்லோரும் சிரித்துவிட்டு, அவள் வாயைப் பார்த்தார்கள்.

"மன்னிச்சது அண்ணன்தான்," என்றாள். "கேலியையும் அவன்கிட்டயே வச்சுக்க."