பௌர்ணமிச் சனிக்கிழமை, பத்தரை மணி

கெலுகோரில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, ஞாயிறு மாலைகளில் கடலோரம் போய் பிளாஸ்டிக் பொறுக்குகிற ஆள் நான் ஒருவன்தான். டீ கட்டிக்கொடுக்கிற பைகள், எண்ணெய்ப் போத்தல்கள், அறுந்த நைலான் வலைகள் எல்லாம் சேற்றில் புதைந்து கிடக்கும். தண்ணீர் இறங்கியிருந்தால் பொறுக்குவேன். ஏறியிருந்தால் கரைச்சுவரில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவேன். அடுத்த வாரம் கரை பழையபடி ஆகிவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பக்கத்தில் பேச ஒரு ஆள் இல்லாததைத்தான் பொறுக்க முடியவில்லை.

டத்தோ கிராமாட் பகுதியில் ஓர் இளைஞர் மன்றம் இருந்தது. அங்கே போய்க் கரையைச் சுத்தம் செய்வது பற்றி ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசினேன். தலைவர் ஓர் அலுவலகத்தில் கிராணி. முழுக்கக் கேட்டுவிட்டு நாள்காட்டியைப் புரட்டினார்.

"சனிக்கிழம வெப்போம் தம்பி. பௌர்ணமி, நல்ல நாளு."

"காலையில ஏழு மணிக்காண்ணே?"

"ஏழுக்கு எவன் லா எந்திரிப்பான்? ஒம்பதுலேர்ந்து பத்தரை ராகு காலம். மொத மொத செய்யுற காரியம், அதுல தொடங்கக் கூடாது. பத்தரைக்கு வையி. முப்பது பேருக்கு நான் பொறுப்பு."

நான் படித்தது விஞ்ஞானம். வாதாட நாக்கு துடித்தது. ஆனால் முப்பது பேர்! தலையை ஆட்டிவிட்டு வந்து, அன்றைக்கே முப்பது ஜோடி கையுறைக்குச் சொல்லிவைத்தேன். பௌர்ணமியன்று கடல் எவ்வளவு ஏறும், எத்தனை மணிக்கு ஏறும் என்று யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை சொன்னபடி வந்துவிட்டார்கள். மோட்டார் சைக்கிள்களில், ஒரு வேனில், பெரிய சட்டி நிறைய மீஹூன் சேமியாவோடு இரண்டு அக்காமார் வேறு. ஆட்களை எண்ணி எண்ணிச் சிரித்துக்கொண்டே சுவரை எட்டிப் பார்த்தேன். கரையே இல்லை. தண்ணீர் சுவரின் பாதி வரைக்கும் தளும்பிக்கொண்டிருந்தது.

எதிர்ப்பக்கம் டீக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் அண்ணன் கையைத் துடைத்தபடி வந்தார். "என்ன தம்பி, கடலையே கூட்டப் போறீங்களா? பௌர்ணமில்ல இன்னிக்கி! இன்னும் ஏறும். சாயந்தரம் ஆறு மணிக்கு வாங்க, கரை கெடைக்கும்."

"நம்ம தலைவரு ராகுகிட்ட கேட்டாரு, தண்ணிகிட்ட கேக்கல லா!" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

மன்றத்துப் பதாகையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தோம். மீஹூன் காலியானது. "ஆறு மணிக்குத் திரும்ப வந்துர்றோம் தம்பி, கண்டிப்பா" என்று தலைவர் என் தோளைத் தட்டினார். பன்னிரண்டு மணிக்குள் வேனும் போய்விட்டது.

நான் போகவில்லை. போனால் அவர்கள் வரும்போது யாரும் இல்லாமல் போய்விடுமே என்று டீக்கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்கு மேல் தண்ணீர் இறங்க இறங்கச் சேறு தெரிந்தது. ஐந்தரைக்குக் கடைக்காரர் கதவைச் சாத்திவிட்டுப் போனார். ஆறேகாலுக்குப் பொதுத் தொலைபேசியில் தலைவரைக் கூப்பிட்டேன்.

"பயலுங்க வீடியோ படம் வாடகைக்கு எடுத்துட்டு வந்து உக்காந்துட்டானுங்க தம்பி. எழுப்ப முடியல. அடுத்த மாசம் பாத்துக்குவோம் லா. நல்ல நேரமா நானே பாத்துச் சொல்றேன்."

பின்னால் படத்தின் சண்டைச் சத்தமும் அவர்களுடைய விசிலும் கேட்டன. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

பிறகு ஒரு ஜோடி கையுறையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஒரு சாக்கு சீக்கிரமே நிறைந்தது. சேறும் தண்ணீரும் சேர்ந்து அப்படி ஒரு கனம். அதைச் சுவருக்கு மேல் ஏற்ற இரண்டு பேர் வேண்டும், கீழிருந்து தள்ள ஒருவர், மேலிருந்து இழுக்க ஒருவர். கீழே நின்று தள்ளிப் பார்த்தேன். மேலே ஏறிப் படுத்துக்கொண்டு இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. கடைசியில் சாக்கின் வாயை அவிழ்த்து, கை கொள்ளும் அளவு அள்ளி அள்ளி, சுவரின் கோடியிலிருந்த படியேறிப் போய் மேலே கொட்டிவிட்டு வந்தேன்.