ஏழாம் நம்பர் புங்கன்

பகவான் புத்தரின் பாதங்களைப் பணிந்து, எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், எட்டாவது வரை மட்டுமே படித்த நான் எனக்கு வந்த தமிழில் இதை எழுதுகிறேன்.

அண்ணன் ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தார். அப்பாவைப் போலவே நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தார். நெஞ்சில் தூசி படிந்து, இனி அடியில் இறங்கக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். அப்போது அவருக்கு வேலை கொடுத்தவர், மர வியாபாரம் செய்துவந்த பெரியவர் ஐயா அவர்கள். கோடைக் காற்றில் தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண் மேட்டின் தூசி ஜனங்களின் சோற்றுத் தட்டில் விழுவதைப் பொறுக்காமல், அந்த மண்ணிலும் மரம் வளர்க்க வழி தேடி, தன் சொத்தை எழுதிவைத்து, மேட்டடியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியவர் அவர்.

மேட்டில் நாற்பது புங்கன் கன்றுகள் நட்டார்கள். அண்ணன் தகரத்தில் நம்பர் வெட்டி, ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு டோக்கன் கட்டினார். பட்டுப்போன கன்றின் டோக்கனை அவிழ்த்து வந்து, நாற்பது ஆணி அடித்த ஆபீஸ் பலகையில் மாட்டுவார். சுரங்கத்திலோ, ஆள் உயிரோடு மேலே வந்தால்தான் டோக்கன் பலகைக்கு வரும்.

"இன்னாண்ணா, இங்க எல்லாம் தலைகீழா இருக்குது?" என்றேன்.

"நானும் அப்படித்தாண்டா. அடியில நல்லா இருந்தேன், மேல வந்துதான் மூச்சு வாங்குது" என்று சிரித்தார்.

இரண்டு கோடையில் பலகை நிறைந்துகொண்டே வந்தது. ஐயா படுக்கையில் விழுந்தார். நிலையத்தை மூடிவிடலாம் என்றார்கள் அவருடைய பிள்ளைகள். "ஒரு மரம் நிக்கற வரைக்கும் மூடாதீங்க" என்றார் ஐயா.

ஞாயிறுதோறும் அண்ணன் அவரைப் பார்க்கப் போவார்.

"எத்தினி நிக்குதுப்பா?"

"ஏழாம் நம்பர் நிக்குதுங்க ஐயா. புதுசா தளிர் உட்டிருக்குது."

அந்தச் சொல்லைக் கேட்டபடியே ஐயா கண்மூடினார். பிறகு நிலையத்தைப் பூட்டினார்கள். சுரங்கமும் மூடியது. அண்ணன் படுத்தார்.

"நான் போயி ஏழுக்குத் தண்ணி ஊத்திட்டு வரட்டுமாண்ணா?"

"நீ மேட்டுக்குப் போவாத. தூசி. அது தானா நிக்கும்."

தினமும் பஞ்சசீலம் சொன்னவர் அண்ணன். அவர் வாயில் பொய் வராது என்பார்கள் தெருவில். கடைசியாகக் குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றினேன். பையில் ஏழாம் நம்பர் டோக்கன் இருந்தது.

அண்ணி என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு வருசமா சட்டைக்குச் சட்டை மாத்தி வெச்சிக்கினு இருந்தாரு. பாத்துக்கினுதான் இருந்தேன். இன்னான்னு கேக்கல."

அண்ணனைச் சுமந்த தெருப் பிள்ளைகளுக்கும், வந்தனம் சொன்ன விகாரைப் பெரியவர்களுக்கும், மூன்று நாளும் சோறு கொண்டுவந்த ஸ்கெலட்டன் லைன் உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. கேட்டதும் நிலையத்தின் கதவைத் திறந்துவிட்ட காவலாளிக்கும் நன்றி. ஏழாம் நம்பரை மாட்டிவிட்டு வந்தேன். பலகையில் இப்போது காலி ஆணி இல்லை.