மூடியில் வைத்த சந்தனம்

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் எங்களுக்குக் காஜா பெராங்கில் வீடு, எனக்கு ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை வேலை. வாடிக்கையாளரிடம் அதிகம் பேசமாட்டேன். புடவையை விரித்துக் காட்டிவிட்டு நின்றுகொள்வேன். கல்யாணத்துக்கு முன்பே ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன். அது வேகமாக ஓட வேண்டும் என்று ஆசை. ஏன் என்று கேட்டால் இப்போதும் சொல்லத் தெரியாது.

பத்து பெரெண்டாமில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் அதற்கு இரண்டாவது கார்புரேட்டர் பொருத்தினார். அதற்கு இடைஞ்சலாக இருந்த, எஞ்சினின் உள்புகையை வெளியேற்றும் சின்னக் குழாயை அடைத்துவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியில் துளைகள் போட்டார். எஞ்சினுக்குள் சேரும் புகை இனி அந்தத் துளைகள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கார் பறந்தது. மனைவி மட்டும் ஏறவில்லை; நாற்றம் தலைவலி தருகிறது என்றாள். கோவிலுக்கு நான் காரில் போனேன், அவள் பஸ்ஸில் வந்தாள்.

ஆயுத பூசையன்று அவளாகவே சந்தனக் கிண்ணத்தோடு வந்து பானெட்டைத் திறக்கச் சொன்னாள். எனக்குச் சந்தோஷம். பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். எதையும் விடாமல் தாராளமாகப் பொட்டு வைத்தாள்.

மறுவாரம் எஞ்சின் எல்லாப் பக்கமும் எண்ணெய் கக்கியது. எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி தானாக மேலே எழுந்து நின்றது. மெக்கானிக் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“பிஸ்டன் ரிங் போச்சு. எஞ்சின் அபிஸ்லா தம்பி, முடிஞ்சிருச்சு. உஜோங் பாசிர்ல ஒரு ஆளு உதிரிச் சாமானுக்குக் கேட்டுக்கிட்டு இருக்காரு. ஞாயித்துக்கிழமை வரச் சொல்றேன்.”

இல்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை. தலையாட்டினேன்.

ஞாயிறு காலை, ஓடாத காராகக் கொடுக்க மனமில்லாமல் ஸ்டார்ட் செய்து, எண்ணெய் ஊற்ற மூடியைத் திறந்தேன். புஸ் என்று காற்று வந்தது. எழுந்து நின்ற கம்பியை அழுத்தினேன், மறுபடி எழாமல் உள்ளேயே இருந்தது. ஒழுகலும் குறைந்தது. மூடியை முகர்ந்தேன். துளைகளில் எல்லாம் சந்தனம் சூட்டில் காய்ந்து கல்லாகியிருந்தது.

“என்னங்க மோந்து பாக்குறீங்க?” காப்பியோடு மனைவி.

“எஞ்சின் இது வழியாத்தான் மூச்சு விடுது.”

“அப்ப நான் மூக்கையா அடைச்சேன்? கடையில புடவை காட்டுற மாதிரி ஒண்ணொண்ணா காட்டுனீங்களே, வாயத் தொறந்து சொன்னா என்ன?”

“நீ கார்கிட்ட வந்ததே பெருசு. அதான்.”

அவள் காப்பியைக் கீழே வைத்தாள். மூடியை வாங்கி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஈர்க்குச்சியால் துளை துளையாகக் குத்தினாள். அதற்குள் உஜோங் பாசிர்க்காரர் வாசலுக்கு வந்துவிட்டார்.

“நீயே சொல்லிரேன்” என்றேன்.

“என் சந்தனக் கதைய நான் ஊருக்குச் சொல்லணுமா? நீங்க போங்க.”

போனேன். “விக்கல” என்றேன்.

“அப்ப என்னை எதுக்கு வரச் சொன்னீங்க?”

யோசித்தேன். “சாப்பிட்டுட்டுப் போங்க.”

அவர் நிதானமாகச் சாப்பிட்டார். பிறகு அவரைக் காரிலேயே கொண்டுபோய் விட்டேன். மூடி சரியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும் என்று மனைவியும் ஏறினாள். கம்பி எழவில்லை. பழைய நாற்றம் திரும்பியிருந்தது. அவள் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டாள்.

“சந்தன வாசனையே தேவலாம்” என்றாள். ஆனால் வீடு வரும்வரை இறங்கவில்லை.