மாமா செய்த பொம்மைகள்

என் அக்கா கணவரைப் போல, வெறும் வாயை வைத்துக்கொண்டே அறுபது வயதைத் தாண்டிய மனிதரை நான் பார்த்ததில்லை. ஓர் அலுவலகத்தில் சூப்பரிண்டெண்டாக இருந்தவர். மற்றவர்கள் எழுதிய தாளில் பச்சை மையால் ஒரு கோடு இழுத்து, மறுபடி எழுதச் சொல்லித் திருப்பி அனுப்புவதுதான் முப்பத்தைந்து வருஷமாக அவர் பார்த்த வேலை. ஓய்வு பெற்றதும் திருப்பி அனுப்பத் தாள் இல்லை. அக்கா இருந்தாள். அவள் துணி காயப்போடும் விதம் சரியில்லை, கதவைச் சாத்தும் விதம் சரியில்லை, தும்மல்கூட முறையாக இல்லை.

அக்கா பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை பார்த்தவள். மெழுகில் ஈறு செதுக்கி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, பக்கத்துப் பல் கோணலாக இருந்தால் இதையும் ஒரு இழை கோணலாக்கி, போட்டுக்கொண்டவருக்கே சந்தேகம் வராதபடி செய்வாள். மாமா அந்த இடத்தைப் 'பல்லுக் கடை' என்பார்.

பொம்மைப் பைத்தியம் ஒரு வீடியோவில் ஆரம்பித்தது. பாலிமர் களிமண்ணில் வீட்டிலேயே பொம்மை செய்யலாம், முன் அனுபவம் தேவையில்லை என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசி மூன்று வார்த்தைகள் மட்டும் மாமாவின் காதில் விழுந்தன. இரண்டே நாளில் வண்ண வண்ணக் களிமண், உருட்டுக்கட்டை, ஊசிகள், ஒரு ஏப்ரன் எல்லாம் வந்து இறங்கின. ஏப்ரன்தான் அவருக்கு ரொம்பப் பிடித்தது. அதைக் கட்டிக்கொண்டே பால் வாங்கப் போனார்.

அந்தக் களிமண் மண்ணே இல்லை, ஒரு வகைப் பிளாஸ்டிக். கையால் நன்றாகப் பிசைந்து இளக்கி, உருவம் செய்து, ஓவனில் அளவான சூட்டில் சுட்டால்தான் இறுகும். இதெல்லாம் பாக்கெட் மேலேயே அச்சடித்திருக்கிறது. மாமா படிக்கவில்லை, படிப்பது தனக்குக் கீழே இருப்பவர்களின் வேலை என்று இன்னமும் நினைப்பு. முதல் பொம்மையைப் பால்கனி வெயிலில் மூன்று நாள் காயவைத்தார். அது காய்வதற்குப் பதில் இளகி, தலை மார்பில் சாய்ந்து, மத்தியானக் குமாஸ்தா மாதிரி ஆகிவிட்டது. 'தியானம்' என்று பெயர் வைத்து அலமாரியில் நிறுத்தினார். அடுத்து வெள்ளைக் களிமண்ணில் குழந்தைகள். கை கழுவாமல் தொட்டதில் தூசியும் சட்டை நூலும் ஒட்டி, அத்தனை குழந்தைக்கும் தாடி முளைத்திருந்தது.

ஒரு மாதம் கழித்து நான் போனபோது அலமாரியில் ஒரு முடிதிருத்துபவர் நின்றுகொண்டிருந்தார். சுண்டுவிரல் உயரம். காதில் சீப்பு, லேசான தொந்தி, வாடிக்கையாளர் சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரிக்கிற வாய். வாய்க்குள் பற்கள் தனித்தனியாகத் தெரிந்தன. நான் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மாமாவைப் பாராட்டியும் தொலைத்தேன்.

அவர் சாப்பிட்டுப் படுத்த பிறகு தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அக்கா ஒரு டைல்ஸ் துண்டின் மேல் அவருடைய அன்றைய உருண்டையை வைத்து, பல்லுக் கூடத்துக் கத்தியால் அதற்கு மூக்கு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா இவருக்கு முட்டுக் கொடுக்கறே?" என்று கேட்டேன்.

அவள் நிமிரவில்லை. "பொம்மை நல்லா வந்தா அன்னைக்குப் பூரா அதையே பாத்துக்கிட்டு உக்காந்துடறாரு. என்கிட்ட வர்றதில்ல."

தூங்கி எழுந்ததும் வேறு பொம்மை இருப்பது அவருக்குத் தெரியாதா என்று யோசித்தேன். தெரியாது. தன் கைபட்டது நன்றாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவருக்கு ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

மாமா அத்தோடு விட்டிருக்கலாம். புதிதாகக் கற்பவர்களுக்கு வீட்டில் வகுப்பு என்று கீழே குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார். ஐந்து பேர் வந்தார்கள். மருந்துக்கடைக்காரர், அவர் மனைவி, இரண்டு பள்ளி ஆசிரியைகள், பஸ் ஓட்டும் ஒரு பெண். நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் கலை என்றால் என்ன என்று பேசினார். கையிலிருந்த களிமண் அவர் பேசி முடிக்கும் வரை பிசையாமலே கிடந்தது. நடுவில் அக்கா எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுவந்தாள். மாமா அவளைக் காட்டி, "இவளுக்கு இதெல்லாம் பிடிபடாது. ஒரு உருண்டை உருட்டச் சொன்னாக்கூட வராது" என்றார். ஆசிரியைகள் மரியாதைக்குச் சிரித்தார்கள். அக்கா தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பஸ் ஓட்டும் பெண் அந்த முடிதிருத்துபவரைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாள். வாய்க்குள் பல் வைப்பதைச் செய்து காட்டச் சொல்லிக் கேட்டாள். மாமா ஏப்ரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார். கெட்டியான களிமண் விரிசல் விட்டு உடைந்தது. வாய் என்று குத்திய ஓட்டை பின்மண்டை வரை போனது. கண்ணாடி சரியில்லை என்றார், வெளிச்சம் போதாது என்றார். கடைசியில் அக்காவைக் கூப்பிட்டு ஊசியை எடுத்துத் தரச் சொன்னார்.

அவள் வந்து ஊசியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "எல்லாரும் பாத்துக்கிட்டிருக்காங்க. செய்யுங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

செய்தார். உருவானது என்னவென்று ஐந்து பேரில் ஒருவரும் கேட்கவில்லை. சீக்கிரம் முடித்துவிடும் எண்ணத்தில் ஓவனின் சூட்டை முழுதாகத் திருகினார். பத்து நிமிஷத்தில் பொம்மை கறுத்து, டயர் எரிகிற நாற்றம் வீடெல்லாம் பரவியது. நான் ஜன்னல்களைத் திறந்தேன். களிமண் பழசு, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று மாமா இருமலுக்கு நடுவில் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் கடையைத் திறக்க வேண்டும் என்றார். ஆசிரியைகளுக்கும் ஏதோ வேலை வந்துவிட்டது.

பஸ் ஓட்டும் பெண் மட்டும் துணி மடிக்கும் அறைக்கு வந்தாள். அக்காவின் விரல்களைப் பார்த்து, "அந்தப் பல்லு உங்க கைதானேம்மா?" என்றாள்.

அக்கா ஒரு துண்டை மடித்து முடித்தாள். "ஆமா" என்றாள். அதை அவள் சத்தமாகவே சொன்னாள். கூடத்தில் இருமல் நின்றது.

இப்போது ஞாயிறுதோறும் அந்தப் பெண்ணின் வீட்டில் நான்கைந்து பேருக்கு அக்கா சொல்லிக்கொடுக்கிறாள். முதல் பாடம் கை கழுவுவது. பொம்மைகளை வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே, மாமா விழித்திருக்கும்போதே செய்கிறாள். முடிதிருத்துபவருக்கு ஒரு நாற்காலியும், அதில் அரைகுறையாக முடி வெட்டிய ஆளும் வந்தாயிற்று. மாமா களிமண்ணை விட்டுவிட்டார். அதன் புகை நுரையீரலுக்குக் கெடுதல் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் எச்சரிக்கிறார். அக்காவை ஏதாவது குறை சொல்ல அவர் வாயைத் திறந்தால், மேஜையைப் பார்க்கிறார், மூடிக்கொள்கிறார். அந்த மட்டில் லாபம். ஏப்ரனை மட்டும் இன்னும் கழற்றவில்லை.